போர்க்காலத்தில் வீட்டில் ஒருவருக்கு நோய்: உறவுகளுக்கு எப்படிச் செய்தி சொல்வது?

"அம்மாவுக்கு முடியவில்லை. உடனே பேசு."

போர் உச்சத்தில் இருந்த ஒரு வாரத்தில் என் அக்கா அனுப்பிய குறுஞ்செய்தி இது. உடனே அழைத்தேன், இணைப்பு கிடைக்கவில்லை. அடுத்த நான்கு நாளும் கிடைக்கவில்லை. அந்த நான்கு நாளில் என் மனத்துக்குள் அம்மா இரண்டு முறை செத்துப் பிழைத்தாள். வேறோர் ஊரில் இருந்த தம்பி இதே செய்தியைப் பார்த்துவிட்டு, யாரும் போகக்கூடாது என்று எச்சரித்திருந்த சாலையில் பாதித் தூரம் போய்த் திரும்பியிருக்கிறான். ஐந்தாம் நாள் தொடர்பு கிடைத்தபோது போனை எடுத்ததே அம்மாதான். காய்ச்சலும் வாந்தியும் வந்திருந்தன. சலைன் ஏற்றிய மறுநாளே எழுந்து உட்கார்ந்துவிட்டாளாம். நான் செய்தியைப் படித்த நேரத்தில் அவள் ஏறக்குறைய குணமாகியிருந்தாள்.

அக்காவைக் குறை சொல்லவில்லை. சாதாரண நாளில் அந்த இரண்டு வாக்கியங்களே போதும். மீதியைப் பேச்சு பார்த்துக்கொள்ளும். போர்க்காலத்தில் அந்தப் பேச்சு கிடையாது. செய்தி தாமதமாகப் போகிறது, முன்பின்னாகப் போகிறது, திருப்பிக் கேள்வி கேட்க வழியில்லாதவர் கையில் போய் விழுகிறது. அதனால், மூன்று நாள் கழித்து, தனியாக, பயத்தோடு படிக்கப்போகிறவருக்காக அதை எழுத வேண்டும். முதன்முறையாக இந்தப் பொறுப்பு தலையில் விழுந்தவர்களுக்காக, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட முறையைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு தாளை எடுங்கள்

போனைத் தொடுவதற்கு முன் தெரிந்ததை எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் சொன்னது ஒரு பக்கம், நீங்களாக ஊகித்தது இன்னொரு பக்கம். இரண்டும் கலந்தால், "ஈரலாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது" என்று நீங்கள் சொன்னது நான்காவது ஆளிடம் போய்ச் சேரும்போது "ஈரல் போய்விட்டதாம்" என்று ஆகியிருக்கும்.

நோயின் பெயர், எப்போது தொடங்கியது, இப்போது நினைவோடு இருக்கிறாரா, பேசுகிறாரா, சாப்பிடுகிறாரா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள், அடுத்து என்ன செய்யப்போகிறார்கள் என்பவை தாளில் இருந்தால் போதும். மருந்துகளின் பெயரை எழுதும்போது கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு, அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் எழுதுங்கள். கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும்; மூலப்பெயர் பெரும்பாலும் எங்கும் ஒன்றுதான். கரண்ட் இருக்கும்போதே மருந்து அட்டையையும் மருத்துவச் சீட்டையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வரியையும் சேர்க்கச் சொல்வேன். போர்க்காலத்தில் நோயின் பெயரைவிட அதுவே முக்கியமாகிவிடுவதுண்டு: கையில் எத்தனை நாளுக்கு மருந்து இருக்கிறது? பத்து வருடமாகச் சர்க்கரை நோயோடு நன்றாக இருந்தவருக்கு, நோய் அப்படியே இருக்க, இன்சுலின் தீர்ந்துபோவதுதான் ஆபத்து. சிறுநீரகம் செயலிழந்து வழக்கமாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு, அந்த நிலையம் மூடப்பட்டுவிட்டது என்பதே அவசரச் செய்தி. "அப்பாவுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது" என்று எழுதினால் வெளியூரில் இருப்பவர் கவலைப்பட மட்டுமே முடியும். "இன்சுலின் ஒன்பது நாளுக்கு இருக்கிறது" என்று எழுதினால் அவர் வேலையில் இறங்கலாம்.

தாள் நிரம்பியதும் நோயாளியிடமே கேளுங்கள்: யாருக்குச் சொல்லலாம், எவ்வளவு சொல்லலாம்? பேசக்கூடிய நிலையில் இருப்பவரின் நோய் அவருடைய செய்தி. நாம் தூதர்கள். பல வீடுகளில் இந்த ஒரு கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை.

ஒரு வாய், ஒரு நடுமனிதர்

வீட்டிலிருந்து ஒருவர் மட்டும் செய்தி சொல்லட்டும். அதிகம் அழாதவர் யாரோ அவர். மூத்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால், கேட்பவர் அவற்றில் மோசமானதைத்தான் நம்புவார்.

அடுத்து, போர் நடக்கும் பகுதிக்கு வெளியே ஒருவரை நடுமனிதராக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நகரத்தின் இரண்டு மூலைகளில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பிடிக்க முடியாத நேரத்தில்கூட, இருவருக்கும் வெளிநாட்டில் இருக்கும் மூன்றாமவர் கிடைத்துவிடுவதுண்டு. உள்ளிருப்பவர் ஒரே ஒரு செய்தியை அவருக்கு அனுப்பினால் போதும். மற்ற பத்துப் பேருக்கும் அவர் சொல்லிக்கொள்வார். உங்கள் பேட்டரியும் மிஞ்சும். நடுமனிதருக்கு ஒரே நிபந்தனை: வந்த சொற்களை அப்படியே அனுப்ப வேண்டும். ஆறுதலுக்காக இனிப்பு சேர்ப்பவரும் பதற்றத்தில் காரம் சேர்ப்பவரும் இந்த வேலைக்கு ஆக மாட்டார்கள்.

யாருக்குச் சொல்வது, யாருக்குத் தள்ளிப்போடுவது

உறவுமுறைப்படி வரிசை போடாதீர்கள். செய்தியைக் கேட்டால் அவர் என்ன செய்வார் என்று பாருங்கள். கேட்ட மாத்திரத்தில் கிளம்பிவிடுகிறவர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவருக்கு அனுப்பும் செய்தியில் நோய்க்கு முன்னாலேயே "புறப்படாதே" வர வேண்டும். மருந்தோ பணமோ வாகனமோ ஏற்பாடு செய்யக்கூடியவருக்கு விவரம் முழுதாகப் போக வேண்டும். எதுவும் செய்ய இயலாத, பக்கத்தில் துணையும் இல்லாத முதியவருக்கு, அவர் அருகே ஒருவர் போய் உட்கார்ந்த பிறகு சொல்லலாம்.

களத்தில் இருக்கும் படைவீரரிடம் சொல்வதா வேண்டாமா என்பதில் வீடுகள் பிரிந்து நிற்கும். சொல்லலாம் என்பதே என் கட்சி. ஆனால் அவர் காவலில் நிற்கும்போதோ வண்டி ஓட்டும்போதோ வேண்டாம். பல படைகளில் குடும்ப அவசரத்தை மேலதிகாரி வழியாகத் தெரிவிக்க முறையான ஏற்பாடு உண்டு. அமெரிக்கப் படையினருக்கு அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் இதைச் செய்கிறது; நோய் உண்மைதானா என்று சரிபார்த்த பிறகே செய்தி அதிகாரியிடம் போகும், விடுப்பு தருவது அதிகாரியின் கையில்.

மறைப்பது பற்றி ஒரு வார்த்தை. "அங்கே குண்டு விழுகிறது, இதையும் எதற்குச் சொல்வது" என்று இங்கிருப்பவர் மறைப்பார். "அங்கே நோயாளியை வைத்துக்கொண்டிருக்கிறார்கள், இதையும் எதற்குச் சொல்வது" என்று அங்கிருப்பவர் மறைப்பார். ஒருவருக்கொருவர் "எல்லாரும் நலம்" என்று எழுதிக்கொண்டே இரண்டு பக்கமும் உள்ளுக்குள் கரைவார்கள். இரண்டு நாள் காய்ச்சலை மறைப்பதில் பாவமில்லை. ஆனால் பின்னால் தெரியவரும்போது "தெரிந்திருந்தால் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசியிருப்பேனே" என்று அவர் சொல்லக்கூடிய நோயாக இருந்தால் மறைக்காதீர்கள். அந்த வாய்ப்பைப் பறிக்கும் உரிமை நமக்கில்லை.

குறுஞ்செய்தியை எழுதும் விதம்

அழைப்பு கிடைக்காத இடத்தில் குறுஞ்செய்தி நுழைந்துவிடுவதுண்டு. அதற்கு வேண்டிய இடம் மிகக் குறைவு. பெறுபவரின் போன் அணைந்திருந்தாலும் நிறுவனத்தின் கணினியில் சில காலம் காத்திருந்து பிறகு போய்ச் சேரும். வாட்ஸ்அப்பும் போய்ச் சேராத செய்தியை 30 நாள்வரை வைத்திருக்கும். ஒற்றை டிக் என்றால் உங்களிடமிருந்து போய்விட்டது, இரட்டை டிக் என்றால் அவருடைய போனுக்குப் போய்விட்டது. டிக் நிறம் மாறவில்லை என்று மனம் புண்படாதீர்கள், பதுங்கு குழியில் இருப்பவர் வேண்டுமென்று பார்க்காமல் இருக்க மாட்டார்.

தமிழில் அனுப்புகிறவர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம். தமிழுக்கு 70 இடம்தான். அதிலும் உயிர்மெய்யின் குறி தனி இடம் பிடிக்கும், புள்ளியும் தனி இடம் பிடிக்கும். "அப்பா" நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, போனுக்கு ஐந்து இடம். 70-ஐத் தாண்டினால் செய்தி துண்டு துண்டாகப் போகும். மோசமான இணைப்பில் ஒரு துண்டு வந்து இன்னொன்று வராமல் போகலாம். "ஆபத்து" மட்டும் வந்து "இல்லை" வராமல் போவதை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே ஒரு துண்டுக்குள் முடியுங்கள். இப்படி:

"3/அப்பா. 12 காலை 8. நிமோனியா. பேசுகிறார். நீ வராதே. 13 மாலை எழுதுவேன்."

எண்ணிப் பார்த்தேன், இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்துச் சரியாக 70. முதலில் இருக்கும் 3, இது மூன்றாவது செய்தி என்பதற்கு. 2 வரவில்லை என்றால் அது வழியில் இருக்கிறது என்று படிப்பவர் புரிந்துகொள்வார். நாளைக்கு 2 வந்து சேர்ந்தால் அதைப் புதிய செய்தி என்று எண்ணிப் பதற மாட்டார். அடுத்து தேதி, நேரம். "இன்று", "நேற்று", "இப்போது" ஆகிய மூன்றையும் அகராதியிலிருந்தே நீக்கிவிடுங்கள். நீங்கள் எழுதும் இன்று அவருக்குப் போன வாரமாக இருக்கலாம். வேறு நேர மண்டலத்தில் இருப்பவருக்கு உங்கள் ஊர் நேரத்தையே எழுதுங்கள். எப்போதும் அப்படித்தான் என்று ஒருமுறை சொல்லிவைத்தால் போதும்.

பிறகு நோய், நிலை, அவர் செய்ய வேண்டியது. கடைசியில் அடுத்த செய்தி எப்போது வரும் என்பது. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். காத்திருப்பவருக்கு அதுதான் பிடிமானம்: பதின்மூன்றாம் தேதி மாலைவரை அவர் போனை வெறித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சொல் விஷயத்தில் நம் மொழியில் சில வழுக்குப் பாறைகள் உண்டு. "முடியவில்லை" என்பது தலைவலிக்கும் பொருந்தும், மரணப் படுக்கைக்கும் பொருந்தும். "சீரியஸ்" என்ற சொல்லைத் தந்திக் காலத்திலிருந்தே நம் ஆட்கள் "போய்விட்டார்" என்றுதான் வாசித்து வந்திருக்கிறார்கள். "கவலைக்கிடம்" செய்தித்தாள் சொல். வீட்டுச் செய்தியில் வந்தால் அடிவயிறு கலங்கும். பட்டப்பெயர் வைப்பதை விட்டுவிட்டுக் கண்ணால் கண்டதை எழுதுங்கள்: எழுந்து உட்கார்ந்தார், கஞ்சி குடித்தார், ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள், கண் திறக்கவில்லை. "உடனே பேசு" என்று எழுதவே எழுதாதீர்கள். பேச முடியாதவரைப் பேசச் சொல்வது சித்திரவதை.

அழைப்பு கிடைத்துவிட்டால்

கெட்ட செய்தி சொல்ல மருத்துவர்களுக்கு ஸ்பைக்ஸ் என்ற ஆறுபடி முறை ஒன்று கற்பிக்கப்படுகிறது, 2000-ல் வெளியானது. தனியிடம் பார்ப்பது, கேட்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று அறிவது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது, பிறகு சொல்வது, அவருடைய உணர்ச்சிக்கு இடம்கொடுப்பது, அடுத்து என்ன என்று முடிப்பது. நல்ல முறைதான். ஆனால் இருபது நொடியில் அறுந்துபோகக்கூடிய அழைப்புக்கு அதை அப்படியே பயன்படுத்த முடியாது. மெல்ல மெல்லப் பீடிகை போட்டுக்கொண்டு வரும்போது, "அப்பாவைப் பற்றி ஒரு விஷயம்..." என்ற இடத்தில் இணைப்பு அறுந்தால், நீங்கள் சொன்னதைவிடப் பெரிய கெட்ட செய்தியைச் சொல்லிவிட்டீர்கள்.

எங்கள் வீட்டில் வரிசையை மாற்றிக்கொண்டோம். எடுத்தவுடன் ஒரே கேள்வி: "வண்டி ஓட்டுகிறாயா?" இல்லை என்றால் அடுத்த மூச்சில், "அப்பா உயிரோடு இருக்கிறார், பேசுகிறார். நிமோனியா. மருத்துவமனையில் பன்னிரண்டாம் தேதியிலிருந்து. நீ வர வேண்டாம்." இவ்வளவுக்குப் பத்து நொடிதான் ஆகும். இதற்குப் பிறகு இணைப்பு அறுந்தாலும் பாதகமில்லை.

இணைப்பு அறுந்துபோகவில்லை என்றால் வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் கடினம். எதிர்முனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். நமக்கோ அந்த மௌனத்தை எதையாவது போட்டு நிரப்ப வேண்டும்போல் இருக்கும். நிரப்பாதீர்கள். அவர் அழட்டும், கோபப்படட்டும், "நான் அங்கே இருந்திருக்க வேண்டும்" என்று சொல்லட்டும். "அப்படியெல்லாம் நினைக்காதே" என்று அடக்காதீர்கள். "ஆமாம், நீ இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்" என்பது பல நேரங்களில் உண்மையும் ஆறுதலும் ஆகும். முடிக்கும் முன், நீங்கள் சொன்னதை அவர் வாயாலேயே ஒருமுறை திரும்பச் சொல்லவையுங்கள். பதற்றத்தில் காதில் விழுவது ஒன்று, மனத்தில் பதிவது ஒன்று. நோயாளியால் முடியுமானால் ஒரு வார்த்தை பேசவிடுங்கள். முடியாவிட்டால் போனை அவர் காதருகே வைத்து, எதிர்முனையில் இருப்பவரைப் பேசச் சொல்லுங்கள்.

குழந்தைகளுக்கு, அவர்களோடு இருக்கும் பெரியவர் சொல்லட்டும், போனில் வேண்டாம். நோயின் பெயரைச் சொல்லி, அது அவர்கள் செய்த எதனாலும் வந்ததில்லை என்றும் சேர்த்துச் சொன்னால் போதும்.

போனும் இணையமும் இல்லாத இடத்துக்கு

எல்லை மூடியிருக்கிறது, தபால் இல்லை, கோபுரங்கள் விழுந்துவிட்டன. அப்போதும் ஒரு பழைய வழி இருக்கிறது. போரில் பிரிந்தவர்களின் தகவலைச் சேர்த்துக் கொடுக்கும் வேலையைச் செஞ்சிலுவை இயக்கம் 1870-ன் பிரான்சு–பிரஷ்யப் போரிலிருந்தே செய்துவருகிறது. 1914-ல் முதல் உலகப் போர் தொடங்கி ஒரு மாதத்துக்குள் ஜெனீவாவில் போர்க்கைதிகளுக்கான பணியகம் திறந்தது. இரண்டாம் உலகப் போரில் பொதுமக்களின் குடும்பச் செய்திகள் மட்டுமே இரண்டு கோடிக்கு மேல் கைமாறின. இன்று அது மையத் தேடல் முகமை என்ற பெயரில் இயங்குகிறது.

செய்ய வேண்டியது இதுதான். அருகில் உள்ள செஞ்சிலுவை அல்லது செம்பிறைச் சங்கத்துக்குப் போய், "செஞ்சிலுவைச் செய்தி" அனுப்ப வேண்டும் என்று கேளுங்கள். கட்டணம் கிடையாது. பெறுபவரின் முழுப்பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, கடைசியாகத் தெரிந்த முகவரி எல்லாம் கையில் இருக்கட்டும். ஒட்டாத, திறந்த தாள் அது. வழியில் அதிகாரிகள் படிப்பார்கள் என்று வைத்துக்கொண்டே எழுத வேண்டும். குடும்பச் செய்தி மட்டும். எந்தச் சாலையில் படை போகிறது, விலைவாசி யாரால் ஏறியது என்று ஒரு வரி இருந்தாலும் தாள் அங்கேயே நின்றுவிடும். போய்ச் சேர வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

இது யாருடைய தயவும் அல்ல. நாடுகளுக்கிடையே நடக்கும் போரில், குடும்பத்தாருக்குத் தம் சொந்தச் செய்தியை அனுப்பவும் பெறவும் எல்லாருக்கும் வழி இருக்க வேண்டும் என்று 1949-ன் நான்காம் ஜெனீவா ஒப்பந்தம் 25-ஆம் பிரிவில் சொல்கிறது. தடை போட்டே ஆகவேண்டும் என்று ஓர் அரசு கருதினாலும், மாதம் ஒரு படிவம், அதில் தாமே தேர்ந்துகொண்ட 25 சொற்கள் என்ற அளவுக்குக் கீழே இறங்க முடியாது. 25 சொற்கள் குறைவுதான். ஆனால் சொற்களை ஒட்டவைத்துப் பேசும் நம் மொழிக்கு அதில் கொஞ்சம் சலுகை உண்டு:

"அப்பாவுக்கு நிமோனியா. மே 12 முதல் மருத்துவமனையில் இருக்கிறார். மூச்சு சீராகிவருகிறது. தம்பி உடனிருக்கிறான். மருந்து கிடைக்கிறது. உன் கடிதம் ஏப்ரலில் வந்தது. வாசித்துக் காட்டினேன், அவர் சிரித்தார். நீ கவலைப்பட்டு எங்கும் புறப்படவேண்டாம்."

இருபத்தைந்து. "அவர் சிரித்தார்" இரண்டு சொல் செலவு. நான் அதை வெட்ட மாட்டேன்.

நோயாளியே போர்க்கைதியாக இருந்தால் செய்தி எதிர்த்திசையில் வர வேண்டும். மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தத்தின்படி, முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் கைதி தன் குடும்பத்துக்கு அட்டை எழுத அனுமதிக்கப்பட வேண்டும். நோயுற்றாலும் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டாலும் அதே உரிமை மீண்டும் உண்டு. கடுமையாக நோயுற்ற கைதியின் உடல்நிலையை, முடிந்தால் வாரந்தோறும், சிறைப்பிடித்த தரப்பு தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் இது எப்போதும் நடப்பதில்லை. அதனால்தான் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்: சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவிடம் விண்ணப்பிக்கும்போது, அவருடைய பழைய நோயையும் தினமும் உட்கொண்ட மருந்தையும் சேர்த்து எழுதிக்கொடுங்கள்.

எழுதக்கூடாதவை

மருத்துவமனையின் பெயர், மாடி, வார்டு இவற்றைக் குடும்பக் குழுவில் போடாதீர்கள். தெரிந்தே ஆகவேண்டியவருக்குத் தனியாகச் சொல்லலாம். நோயாளியின் படத்தில் ஜன்னலும் அதற்கு வெளியே தெரியும் கட்டடமும் இருந்தால் வெட்டிவிடுங்கள். படக் கோப்புக்குள்ளேயே எடுத்த இடம் பதிந்திருக்கக்கூடும் என்பதால், போனின் கேமரா அமைப்பில் இருப்பிடத்தை அணைத்துவிட்டு எடுங்கள். அதற்கும் முன்னால், தன்னைப் படம் எடுப்பதை அவர் விரும்புகிறாரா என்று கேளுங்கள். மூக்கில் குழாயோடு இருக்கும் முகம் உறவினர் நாற்பது பேரின் போனில் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

பணமோசடிக்காரர்களுக்குப் போர் அறுவடைக் காலம். "உங்கள் அம்மா எங்கள் மருத்துவமனையில் இருக்கிறார், அறுவைச் சிகிச்சைக்கு உடனே பணம் அனுப்புங்கள்" என்று அந்நியக் குரல் வரும். வெளியாளுக்குத் தெரியாத ஒரு கேள்வியைக் குடும்பத்துக்குள் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் வளர்த்த நாயின் பெயர்போல ஒன்று. விடை வராத இடத்துக்குப் பணம் போகக்கூடாது.

அதன் பிறகு

பதின்மூன்றாம் தேதி மாலை எழுதுவேன் என்றால் எழுத வேண்டும். மாற்றம் எதுவும் இல்லையென்றால் "மாற்றமில்லை" என்றே எழுதுங்கள். யாருக்கு, எந்த எண் செய்தி, எப்போது போனது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்; உங்களுக்கே காய்ச்சல் வந்துவிட்டால் அடுத்தவர் அதிலிருந்து தொடரலாம். நோயாளி இறந்துவிட்டால் அதைக் குறுஞ்செய்தியில் அனுப்பாதீர்கள். நடுமனிதரிடம் சொல்லி, முடிந்தவரை ஒவ்வொருவரிடமும் ஒரு மனிதர் நேரில் போய்ச் சொல்லும்படி செய்யுங்கள்.

குணமானாலும் சொல்லுங்கள். கெட்ட செய்தி சொல்ல ஓடியவர்கள் நல்ல செய்தி சொல்ல மறந்துவிடுகிறார்கள். அம்மாவுக்கு அதே ஆண்டு இரண்டாம் முறை உடம்பு கெட்டபோது அக்கா எண் போட்டு அனுப்பத் தொடங்கியிருந்தாள். ஐந்து வந்தது: வீட்டுக்கு வந்துவிட்டாள், தோட்டத்தில் நடக்கிறாள். பதினாறு நாள் கழித்து நள்ளிரவில் போன் அதிர்ந்தது. "4/அம்மா. ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள்." எண்ணைப் பார்த்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கினேன்.